பியானோவின் பூர்வீகம்

நீலகிரிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய் வருகிற நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். கூடத்து மூலையில், பீரோ என்றும் சொல்ல முடியாமல் மேஜை என்றும் சொல்ல முடியாமல், கறுத்துப்போன மரச் சாமான் ஒன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் தலையில் பின்னல் துணி. துணியின்மேல் பூ ஜாடி. ஜாடிக்குப் பக்கத்தில் கல்யாணப் போட்டோ. போட்டோவுக்குப் பின்னால் இந்த மாதத்து மின்சார பில். "இது என்ன?" என்று கேட்டால், "பியானோ, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று பதில் வரும். "யார் செய்தது?" என்று அடுத்த கேள்வி கேட்டீர்களானால், வீட்டுக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆட்டுக்கல்லைக் கொத்தினது யார் என்று உலகத்தில் யாராவது கேட்பதுண்டா?

அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு சில மாத காலம் அலைய வேண்டிய யோகம் எனக்கு வாய்த்தது. காரணம் என் தமக்கை.

எங்கள் அப்பா குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். 1947-ல் சுதந்திரம் வந்த பிறகு பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். ஏறுமுன் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். 1957-ல் நடந்த அப்படிப்பட்ட ஏலம் ஒன்றுக்குக் கட்டில் வாங்குவதற்காகப் போன அப்பா, பியானோவை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். விலை 225 ரூபாய். அப்போது அது அவருக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம்.

"இரண்டு மாசச் சம்பளத்துக்கு ஒரு பீரோவா? அதுவும் துணி வைக்க முடியாத பீரோ!" என்றாளாம் அம்மா.

அப்பா செய்த காரியத்துக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வயதுப் பெண்ணான அக்கா, துரைசானி வாசிக்கும்போது பங்களாவின் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்து, வீட்டுப் பெஞ்சிப் பலகையில் அதே மாதிரி விரல்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். பலகையில் சத்தம் வராது. ஆனாலும் விரல் தவறிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாளாம். அதை அப்பா ஒரு நாள் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

குன்னூரில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாளிடம் அக்கா பாடம் கேட்டாள். லண்டன் டிரினிட்டி கல்லூரிப் பரீட்சைகளில் ஒவ்வொரு படியாகத் தேறினாள். இளம் வயதிலேயே கணவரை இழந்த அவளுக்குப் பின்னர் அந்தப் பியானோதான் ஜீவனம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஊர்க் குழந்தைகளுக்கு அதில் சொல்லிக்கொடுத்தாள். சம்பளம் கொடுத்த குழந்தைகளும் உண்டு. கொடுக்காத குழந்தைகளும் உண்டு. அக்கா இரண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரிதான் அதட்டுவாள்.

இப்போது அவளுக்கு வயது 77. குன்னூர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயமுத்தூரில் மகன் வீட்டோடு போய் இருப்பதென்று ஏற்பாடு. மகன் இருப்பது நாலாவது மாடி. பியானோவின் எடையோ 200 கிலோவுக்கு மேல். லிப்டில் பியானோ ஏறாது. பியானோ இல்லாமல் அக்கா ஏறுவாளா என்பது எங்களுக்கெல்லாம் சந்தேகம்.

இந்தச் சமயத்தில்தான் பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். மூடியைத் திறந்தார், நாலு கட்டைகளைத் தட்டினார், மூடினார்.

"பேர் இல்லாத பியானோ, அம்மா. உள்ளே இருக்கிறதையெல்லாம் எடுத்துவிட்டு, பாட்டில் அடுக்குகிற அலமாரியாக்கி ஒரு ஹோட்டலில் வைக்கப் போகிறார்கள். 12,000 ரூபாய் தருகிறேன்" என்றார்.

அக்காவுக்குப் பாட்டில் விஷயத்தைவிட 'பேர் இல்லாத' என்ற வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. அவர் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, எனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது இது. இதை யார் செய்தார்கள் என்று கண்டுபிடித்துச் சொல். அதற்கப்புறம் விற்கிறதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்."

விற்றவர் வேறு, செய்தவர் வேறு

பியானோவில் பெயரே இல்லை என்று சொல்ல முடியாது. மூடியின் ஓரத்தில் சின்னத் தகடு ஒன்று இருந்தது: 'மிஸ்க்வித் கம்பெனி, மதராஸ்'. ஆகவே மிஸ்க்வித் செய்த பியானோ என்று வீட்டுக்கு வந்தவர்கள் பலர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். நேயர்களே, பழைய பியானோ விஷயத்தில் முதல் முடிச்சே இங்கேதான் விழுகிறது.

மிஸ்க்வித் கம்பெனி 1842-ல் சென்னை மவுண்ட் ரோடில் ஆரம்பித்த வாத்தியக் கடை. பிற்காலத்தில் 'மியூஸீ மியூஸிகல்' என்று பெயர் மாறி, அதே சாலையில், அதாவது அண்ணா சாலையில், நடந்து வருகிறது. சீமையிலிருந்து கப்பலில் வந்த பியானோக்களைத் தென்னாட்டில் விற்றவர்கள் இவர்கள். விற்றவர் தம் கடையின் பெயரைச் சாமானில் பதிப்பது அன்றைய வழக்கம். ஜவுளிக்கடைப் பையில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது; புடைவையை நெய்த காஞ்சிபுரத்துக்காரரின் பெயர் அதில் இருக்கிறதோ? அந்த மாதிரிதான்.

செய்தவரின் பெயர் மூடியின் உள்பக்கத்தில், கட்டைகளுக்கு மேலே, பொன் எழுத்தில் இருப்பது வழக்கம். எங்கள் பியானோவிலும் இருந்திருக்க வேண்டும். 1970-களில் ஒரு தச்சர் வந்து மூடியை இழைத்து மெருகு போட்டுக் கொடுத்தார். பலகை கண்ணாடிபோல் ஆயிற்று. எழுத்துத்தான் பரலோகம் போயிற்று.

நிமிர்ந்து நின்ற கதை

பியானோவைப் பற்றிக் கொஞ்சம் புராணம் சொல்லிவிடுகிறேன். சுமார் 1700-ஆம் ஆண்டு வாக்கில், இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து மெடிசி அரண்மனையில் வாத்தியங்களைக் கவனித்துவந்த கிறிஸ்டோபோரி என்பவர்தான் இதைப் படைத்த பிரமன். அதற்கு முன்பிருந்த கட்டை வாத்தியத்தில், கம்பியை ஒரு முள் சுண்டிவிடும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம். கிறிஸ்டோபோரி முள்ளுக்குப் பதில் சின்னச் சுத்தியல் வைத்தார். விரல் மெதுவாக விழுந்தால் மெல்லொலி, வேகமாக விழுந்தால் பேரொலி. இத்தாலிய பாஷையில் 'பியானோ' என்றால் மெதுவாக, 'போர்ட்டே' என்றால் உரக்க. அந்த இரண்டும் சேர்ந்த பெயர்தான் காலப்போக்கில் பாதியாகக் குறைந்துவிட்டது.

நூறு வருஷகாலம் கம்பிகளெல்லாம் பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான் இருந்தன. 1800-ஐ ஒட்டி, அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஹாக்கின்ஸ் என்பவரும், வியன்னாவில் முல்லர் என்பவரும் கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்தி, தரையிலிருந்து எழும்புகிற பியானோவைச் செய்தார்கள். சின்ன வீட்டுக் கூடத்திலும் பியானோ நுழைந்தது. கப்பலுக்கும் மலைப் பங்களாவுக்கும் அதுவே தோது. தமிழர் கண்ணில் பியானோ என்றால் மலைப் பங்களா நினைவுதான் வருகிறது. 1964-ல் வந்த 'புதிய பறவை' படத்தில்கூட ஊட்டி பங்களாவையும் பியானோவையும் சேர்த்துத்தானே பார்த்தோம்!

உள்ளே இருந்த சாட்சிகள்

சுருதி கூட்டுகிற நிபுணர் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்தோம். வயதானவர், அதிகம் பேசமாட்டார். முன்பலகையைக் கழற்றி, டார்ச் விளக்கை அடித்தார். உள்ளே 200-க்கு மேற்பட்ட கம்பிகள் வரிசையாக நின்றன. அவற்றின் இழுப்பு எல்லாம் சேர்ந்து பத்து டன்னுக்கும் மேல் இருக்கும் என்றார். அத்தனை இழுப்பையும் தாங்குவது ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். வீணைக்குப் பிருடை இருப்பதுபோல் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் இரும்பு முளை. அது கெட்டி மரத்தில் இறுக்கமாக இறங்கியிருக்கிறது.

பிறகு அவர் ஒவ்வொரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்.

முதல் சாட்சி, கட்டைகளின் எண்ணிக்கை. இந்தக் காலத்துப் பியானோவுக்கு 88 கட்டைகள். எங்களுடையதில் 85. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 85 கட்டைகள்தான் பெருவழக்கு. இரண்டாவது, முன்பலகையில் இரண்டு பக்கமும் இருந்த திருகாணித் துளைகள். மெழுகுவத்தி தாங்கும் பித்தளைக் கைகள் இருந்த இடம் அது. மூன்றாவது, வெள்ளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் குறுக்கே மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. யானைத் தந்தத்தை இரண்டு துண்டாக ஒட்டியதற்கு அது அடையாளம். செயற்கைப் பொருளானால் பெரும்பாலும் ஒரே தகடாக இருக்கும். நாலாவது, ஒலியை அடக்கும் கம்பளித் துண்டுகள் சுத்தியலுக்கு மேலே, பறவைக் கூண்டின் கம்பிகள்போன்ற அமைப்பில் தொங்கின. அது பழைய ஆங்கில வேலைப்பாடு என்றார்.

"ஜெர்மன் சரக்காக இருக்குமோ?" என்று கேட்டேன்.

"இங்கிலாந்தில் 1887-ல் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்று போட்டே ஆகவேண்டும். அப்படி இதில் ஒன்றும் காணோம். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது" என்றார்.

இன்னோர் எச்சரிக்கையும் கொடுத்தார். பல பியானோக்களின் உள்ளே 'ஷ்வாண்டர், பாரீஸ்' என்று வார்ப்பெழுத்து இருக்குமாம். அதைப் பார்த்துப் பாரீஸ் பியானோ என்று குதிப்பவர்கள் உண்டு. ஷ்வாண்டர் செய்தது சுத்தியல் பொறி மட்டுமே. அதை ஊர் ஊராகப் பல பியானோக் கம்பெனிகள் வாங்கிப் பொருத்தின. கடிகாரத்தின் சங்கிலியைப் பார்த்துக் கடிகாரம் செய்தவரைத் தீர்மானிக்க முடியுமா?

பிறகு ஓரத்துக் கட்டையை மெல்ல உருவி எடுத்தார். கட்டைகளைத் தாங்கும் சட்டத்தின் உள்பக்கத்தைத் துடைத்தார். அங்கே, தச்சரின் இழைப்புளியும் மெருகும் எட்டாத இடத்தில், மரத்தில் அழுத்திய முத்திரை தெரிந்தது: 'காலர்ட் அண்ட் காலர்ட், லண்டன்'.

அதற்குப் பக்கத்தில் வரிசையாகப் பென்சில் எழுத்துக்கள். ஒவ்வொரு முறையும் சுருதி கூட்டியவர் தேதி போட்டு வைப்பது அந்தத் தொழிலின் வழக்கமாம். ஆகப் பழையது, 'குன்னூர், ஏப்ரல் 1896'.

அந்தத் தேதியைப் பார்த்து நான் பிரமித்தேன். மேட்டுப்பாளையம்வரை ரயில் 1873-லேயே வந்துவிட்டது. ஆனால் மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ல். ஊட்டிக்குப் போனது 1908-ல். அப்படியானால் இந்தப் பியானோ மலையேறியது மாட்டு வண்டியில்தான். சுமார் 20 மைல் தூரம்; ஏறக்குறைய 5,000 அடி உயரம்; வளைவுக்கு வளைவு சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தி, மாடுகள் மூச்சு வாங்கி... அந்த வண்டியை ஓட்டியவர் யாரோ, எந்த ஊரோ! அவருக்கு ஒரு தகடு அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

வட்டக் கட்டடம்

பெயர் கிடைத்த பிறகு வேலை சுலபமாயிற்று. உலகத்தின் அலமாரிகளெல்லாம் இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டன அல்லவா? அக்காவின் பேத்தி தேடித் தேடிக் கொடுத்தாள்.

லண்டனில் காம்டன் டவுன் என்று ஒரு பகுதி. பக்கத்தில் ரீஜண்ட் கால்வாய். மரம் படகில் வந்து இறங்க வசதி. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியானோத் தொழில் அங்கே குடியேறிவிட்டது. நம் சிவகாசியில் பட்டாசு மாதிரி, அங்கே தெருவுக்குத் தெரு பியானோ வேலை. அங்கே ஓவல் ரோடில் காலர்ட் கம்பெனிக்கு ஒரு வட்டமான தொழிற்சாலை இருந்தது. உற்றுப் பார்த்தால் வட்டம் அல்ல, 22 பக்கங்கள். 1851-ல் தீப்பிடித்து அழிந்து, மறு வருஷமே திரும்ப எழுந்தது. மாடிக்கு மாடி ஒவ்வொரு வேலை. நடுவில் கிணறு மாதிரித் திறந்த வெளி. பாதி முடிந்த பியானோவை அதன் வழியே கயிற்றில் கட்டி ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு அனுப்புவார்களாம். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. உள்ளே அலுவலகங்கள் நடக்கின்றன. காலர்ட் கம்பெனியை 1929-ல் சாப்பல் என்ற இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது.

பிராட்வுட் என்ற கம்பெனியின் பழைய கணக்குப் புத்தகங்கள் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பியானோ எந்தத் தேதியில் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதுகூட அவற்றில் பதிவாகியிருக்கிறது. எங்கள் பியானோவுக்கு அந்தப் பென்சில் தேதிகள்தான் கணக்குப் புத்தகம். போகட்டும், அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று கிடைத்தது.

காலர்ட் என்பவர் ஆரம்பத்தில் தனி முதலாளி அல்ல. அவருடைய கூட்டாளி ஓர் இத்தாலியர். 1752-ல் ரோமாபுரியில் பிறந்து லண்டனுக்கு வந்தவர். பியானோ வாசிப்பதிலும் பாட்டு இயற்றுவதிலும் பெயர் பெற்றவர். பிறகு பியானோ வியாபாரத்திலும் இறங்கியவர். கம்பெனி முதலில் அவர் பெயரில்தான் நடந்தது. அவர் 1832-ல் காலமானார். அந்தச் சமயத்தை ஒட்டித்தான் கம்பெனி 'காலர்ட் அண்ட் காலர்ட்' ஆயிற்று. அவர் பெயர் மூஸியோ கிளெமெண்டி.

இதை நான் படித்துச் சொன்னபோது அக்கா கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கிளெமெண்டி?"

"மூஸியோ கிளெமெண்டி."

அக்கா எழுந்து போய் ஒரு பழைய பாடப் புத்தகத்தை எடுத்து வந்தாள். முதுகு கிழிந்து, பசை ஒட்டி, மறுபடியும் கிழிந்த புத்தகம். 1797-ல் கிளெமெண்டி வெளியிட்ட ஆறு சின்னப் பாடங்கள், 'சோனட்டினா' என்று பெயர், இன்றைக்கும் உலகமெங்கும் பியானோ பழகும் குழந்தைகளுக்கு ஆரம்ப காலத்தில் கொடுக்கப்படுகின்றன. நம் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை முடிந்து கீதம் வருவதுபோல. அக்கா அதே பியானோவில், தன்னிடம் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பாட்டைச் செய்தவரின் கடை வாரிசுகள்தான் வாத்தியத்தையும் செய்தவர்கள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அக்கா உட்கார்ந்து வாசித்தாள். விரல்கள் முன்போல் வளையவில்லை. ஓரிடத்தில் தவறிற்று, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

விலை ஏறியது

விஷயம் எப்படியோ வியாபாரியின் காதுக்கு எட்டிவிட்டது. மறு வாரமே வந்தார்.

"லண்டன் பேர் போட்ட பியானோவாமே! 40,000 தருகிறேன், அம்மா. அந்தப் பேரைப் பித்தளையில் வெட்டி அலமாரிக்கு முன்னால் அடித்துவிடுவார்கள்" என்றார்.

நேயர்களே, வேடிக்கையைப் பாருங்கள்! பெயர் தெரியாதபோதும் குடலை உருவுவதுதான் திட்டம். பெயர் தெரிந்தபோதும் அதுதான் திட்டம். கூலிதான் கொஞ்சம் உயர்ந்தது.

40,000 ரூபாய் அக்காவுக்குச் சின்னத் தொகை அல்ல. அவளுக்குப் பென்ஷன் கிடையாது. கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. "வாங்கிக்கொள், அம்மா. வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?" என்று மகன் சொன்னதிலும் தப்பில்லை. அவன்தானே நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கவேண்டும்?

அக்கா சுருதி கூட்டுபவரைத்தான் கேட்டாள்: "இது இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?"

அவர் ஒளிக்காமல் சொன்னார். முளைகள் இறங்கியிருக்கும் மரம் தளர்ந்திருக்கிறது. மலைநாட்டு மழையில் ஊறியும், தை மாசிப் பனியில் உலர்ந்தும் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மழைக்காலத்தில் அடிப்பாகத்தில் அக்கா ஒரு சின்ன பல்பை எரியவிட்டு வந்ததால் இவ்வளவாவது பிழைத்தது. இனி முழுச் சுருதிக்கு இழுத்தால் கம்பி அறுந்துபோகும். அரைக் கட்டை குறைத்து வைத்தால் நிற்கும். தனியாக வாசிக்கலாம், மற்ற வாத்தியங்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது. ஐந்து வருஷம், அதிர்ஷ்டம் இருந்தால் பத்து.

"ஐந்து வருஷம் போதும். அதற்குள் ஒரு குழந்தையாவது கற்றுக்கொள்ளும்" என்றாள் அக்கா.

அவளிடம் சம்பளம் கொடுக்காமல் படித்த பெண் ஒருத்தி, இப்போது தோட்டத் தொழிலாளர் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்தப் பள்ளிக்குப் பியானோ போயிற்று. எட்டு ஆட்கள் தூக்கினார்கள். மகன் முதலில் முகத்தைத் தூக்கினான். பிறகு லாரி வாடகையை அவனே கொடுத்தான்.

பள்ளியில் இறக்கிச் சுருதி கூட்டி முடித்ததும், நிபுணர் வழக்கப்படி பென்சிலை எடுத்து அன்றைய தேதியை எழுதினார். அக்கா அந்தப் பென்சிலை வாங்கி, 1896-க்கும் அன்றைய தேதிக்கும் நடுவில் இருந்த இடத்தில், '1957' என்று போட்டுப் பக்கத்தில் தமிழில் அப்பாவின் பெயரை எழுதினாள். பிறகு முன்பலகையை மூடினார்கள்.

உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு பியானோ இருக்குமானால், விற்பதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மேல் மூடியைத் தூக்கி, தெரிந்தவர் ஒருவரை வைத்து முன்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தில் எண் இருக்கிறதா பாருங்கள். கட்டைகளை எண்ணுங்கள். ஓரத்துக் கட்டையை உருவி, அடியில் முத்திரையோ பென்சில் எழுத்தோ உண்டா என்று பாருங்கள். எதையும் துணியால் அழுத்தித் துடைத்துவிடாதீர்கள். பென்சில் எழுத்து நூறு வருஷம் பொறுக்கும், ஈரத்துணியைப் பொறுக்காது.

பணமாகப் பெரிய லாபம் ஒன்றும் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய நிற்கும் பியானோக்களுக்கு உலகச் சந்தையில் மதிப்பு மிகவும் சொற்பம். ஆனால் உங்கள் அப்பாவோ பாட்டியோ இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி எதை வாங்கினார்கள் என்பது தெரிந்துவிடும்.